மூன்று வாரமாக வேலைக்குப் போகிறேன், இன்னும் பேர் விழவில்லை. எப்படிக் கேட்பது?

நோர்வூட்_பிள்ளை | ஜூன் 23, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 22 வயது. நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுக்கிறார். உயர்தரம் வர்த்தகப் பிரிவில் முடித்து, ஒன்றரை வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்துக்கொண்டு இருந்தேன். ஜூன் 2ஆம் திகதி ஹட்டனில் ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். எங்கள் குடும்பத்தில் கதிரையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் நான்தான். அதனால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் யாரும் இல்லை.

முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது, "பேர் விழுந்துச்சா?" தோட்டத்து ஆட்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு நாள் வேலை செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், பதிந்தால் அதுதான் பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். பேர் விழாவிட்டால் அன்றைக்கு நனைந்ததற்கும் மலை ஏறியதற்கும் அட்டை கடித்ததற்கும் கணக்கே இல்லை. நான் "விழுந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரமாக அந்தப் பொய் நெஞ்சில் கிடக்கிறது.

ஏனென்றால் என் பேர் எங்கேயும் விழவில்லை. நியமனக் கடிதம் தரவில்லை. "ஆறு மாதம் பயிற்சி, மாதம் 35,000 ரூபா, நிரந்தரமானதும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) வெட்டுவோம்" என்று மேனேஜர் வாயால் சொன்னதுதான். முதல் நாள் யாரும் எதையும் விளக்கவில்லை. ஒரு கதிரையைக் காட்டி, "பக்கத்தில் இருக்கும் அக்கா செய்வதைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். லீவு எத்தனை, வருத்தம் வந்தால் யாருக்குச் சொல்வது, சாப்பாட்டு நேரம் எவ்வளவு என்று எதுவும் தெரியாது. முதல் வாரம் கழிவறைச் சாவி எங்கே தொங்கும் என்று கேட்கக்கூட எனக்கு வெட்கம். ஆனால் என் பக்கமிருந்து எல்லாம் வாங்கினார்கள். சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்களின் மூலப்பிரதி, கிராம சேவகர் சான்று, பொலிஸ் அறிக்கை, பிணை நிற்க நிரந்தர அரச உத்தியோகத்தர் இரண்டு பேர். லயத்தில் இருப்பவருக்கு அரச உத்தியோகத்தரை எங்கே தேடுவது? கடைசியில் படிப்பித்த ஆசிரியர் ஒருவரும், அவர் சொல்லி இன்னொருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஆசிரியர் வாசலில் நின்றுகொண்டே கையெழுத்திட்டுத் தந்து, "பத்திரம் மகள்" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது காகிதத்தையா என்னையா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

நேரம் காலை 8.30 முதல் மாலை 5.00, சனிக்கிழமை 1.00 மணி வரை என்றார்கள். காசு கணக்கு முடியாமல் யாரும் எழும்ப முடியாது. அதனால் தினமும் 6.30 ஆகிறது. இப்போது மழைக்காலம். ஹட்டனில் இருந்து டிக்கோயா, நோர்வூட் என்று பஸ் வந்து சேரும்போது நல்ல இருட்டு. ரோட்டில் இருந்து எங்கள் லயத்துக்கு இருபது நிமிட நடை, அதில் பாதி களிமண். வேலைக்குக் கறுப்புச் சப்பாத்து கட்டாயம். காலையில் ரப்பர் செருப்போடு இறங்கி, ரோட்டோரப் பீலியில் கால் கழுவி, பையில் கொண்டுவந்த துணியால் விரலிடுக்கு வரை துடைத்துவிட்டுச் சப்பாத்தை மாட்டுவேன். செருப்பு பொலித்தீன் பையில் மேசைக்குக் கீழே இருக்கும். ஒரு நாள் பிந்திவிட்டால் ஆட்டோதான். அதற்குக் கொடுத்தால் அன்றைய உழைப்பில் பாதி போய்விடும்.

எனக்கு அதிகம் கஷ்டமாக இருப்பது அடகு கவுண்டர். வருகிறவர்கள் பாதிப் பேர் தோட்டத்து அம்மாமார். போன வாரம் ஒருவர் வந்தார். காதில் தோட்டைக் கழற்ற முடியவில்லை, சுரை இறுகிப்போயிருந்தது. பல வருடமாகக் கழற்றாத தோடு. கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல் நுனி வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் எழும்பிப் போய்ச் சவர்க்காரத் தண்ணீர் தொட்டுக் கழற்றிக் கொடுத்தேன். உரைகல்லில் உரசி, தராசில் வைத்து, தொகை சொன்னதும், "அவ்வளவுதானா புள்ள" என்று என்னைத்தான் பார்த்தார்.

அதோடு, தமிழ் நன்றாகப் பேசுகிறவர் நான் மட்டும் என்பதால் தவணை கட்டாதவர்களுக்குத் தொலைபேசி எடுக்கும் வேலையும் எனக்கு. பட்டியலில் எங்கள் லயத்துக்குப் பின் லயத்தில் இருக்கும் ஒருவர் இருக்கிறார். காலையில் அவரைத் தாண்டித்தான் ரோட்டுக்கு வருகிறேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. நான் ரொட்டியும் சம்பலும் கொண்டு போவதைப் பார்த்து, தன் வீட்டுச் சோற்றுப் பார்சலில் கறி எடுத்துத் தந்திருக்கிறார். காலைக் கூட்டம் முழுக்க சிங்களத்தில் நடக்கும். எனக்குப் பாதி பிடிபடும், மீதியைப் பக்கத்து அக்கா பிறகு சொல்வார். இவர்களிடம் போய் "கடிதம் எங்கே, ஈபிஎஃப் எங்கே" என்று கேட்டால் எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயம். அம்மா சின்ன வயதிலிருந்தே சொன்னது ஒன்றுதான்: துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) நேரே பேசாதே, கணக்கப்பிள்ளையிடம் (வேலை மேற்பார்ப்பவரிடம்) சொல்.

இன்னொரு சின்ன விசயம். என் பெயரில் ழகரம் இருக்கிறது. அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் ஒரு மாதிரியும் உயர்தரச் சான்றிதழில் வேறு மாதிரியும் இருக்கிறது. சேரும்போது பார்த்த உத்தியோகத்தர் "பரவாயில்லை" என்றார். பரவாயில்லையா?

---

பண்டாரவளை_அக்கா | ஜூன் 24, காலை 6.15

தங்கச்சி, நானும் லயத்தில் பிறந்தவள்தான். 11 வருடமாகக் கண்டியில் ஒரு கம்பனியின் ஊழியர் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களின் கோப்புகளைத் திறப்பதுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பேர் விழாத நாளைப் பற்றி அவருக்குத் தெரியாததா?

உங்கள் வேலை கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டத்துக்குள் வருகிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். வேலைக்குச் சேரும் நாளிலேயே பதவி, அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், லீவு, மேலதிக நேரக் கொடுப்பனவு, தகுதிகாண் கால நிபந்தனை, சேமலாப நிதி எல்லாவற்றையும் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நீங்கள் கேட்பது சலுகை இல்லை. அவர்கள் 2ஆம் திகதியே செய்திருக்க வேண்டிய வேலை.

"நிரந்தரமானதும் ஈபிஎஃப்" என்பது மலையகத்தில் மட்டுமில்லை, கொழும்பிலும் சொல்கிற கதை. அது தவறு. ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. தகுதிகாண் காலமோ தற்காலிகமோ, முதல் நாளிலிருந்து உங்களுக்கு உரியது. நீங்கள் அரசாங்கப் பயிற்சித் திட்டம் எதிலும் வந்தவர் இல்லையே, நேரடியாக வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். "பயிற்சிக் கொடுப்பனவு" என்று பெயரை மாற்றியதால் அது சம்பளம் இல்லாமல் போய்விடாது. உங்கள் 35,000இல் 8 வீதம், அதாவது 2,800 ரூபா உங்களிடம் வெட்டுவார்கள். அவர்கள் 12 வீதம், 4,200 ரூபா போட வேண்டும். மாதம் 7,000. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதி, ஈடிஎஃப், 3 வீதம், 1,050 ரூபா. அது முழுக்க அவர்கள் தலையில். அதை உங்கள் சம்பளத்தில் வெட்டினால் உடனே கேளுங்கள். ஆறு மாதம் தள்ளிப்போட்டால் அவர்கள் பங்காக மட்டும் உங்களுக்கு வர வேண்டிய 31,500 ரூபா போய்விடும். அம்மா எத்தனை நாள் மலை ஏறினால் அது கைக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

நேரத்துக்கு வருவோம். சாப்பாட்டு நேரத்தை விட்டு நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. நீங்கள் 8.30க்கு வந்து 6.30க்குப் போனால், ஒரு மணித்தியாலம் சாப்பாடு கழித்து 9. அந்த ஒன்பதாவது மணித்தியாலத்துக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும். இன்றிலிருந்து ஒரு சின்னக் கொப்பியில் வந்த நேரம், போன நேரம் எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம், எழுதி மட்டும் வையுங்கள்.

லீவு: முதல் வருடத்தில் இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள் அமைய லீவு (திடீர்த் தேவைக்கான லீவு). ஆண்டு லீவு அடுத்த வருடத்தில்தான் கைக்கு வரும். எந்தக் காலாண்டில் சேர்ந்தீர்களோ அதைப் பொறுத்து அந்த எண்ணிக்கை மாறும். ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் சேர்ந்ததால் உங்களுக்கு 10 நாள். ஜூலையில் சேர்ந்திருந்தால் 7தான். அதனால் கடிதத்தில் ஜூன் 2 என்ற திகதி இருக்கிறதா என்று பாருங்கள். "நிரந்தரமான நாள்" என்று பிந்திப் போட்டால் லீவு மட்டுமில்லை, ஐந்து வருடம் முடிந்து வரும் பணிக்கொடையும் தள்ளிப்போகும்.

தீபாவளியைப் பற்றி இப்போதே சொல்லிவைக்கிறேன், நம் பிள்ளைகள் பலர் அன்றைக்குத்தான் அழுகிறார்கள். தைப்பொங்கல் இந்தச் சட்டத்தின் கட்டாய விடுமுறைகளில் இருக்கிறது. தீபாவளி இல்லை. அது அரச விடுமுறை, வங்கி விடுமுறை, அவ்வளவே. உங்கள் நிறுவனம் அன்றைக்குத் திறக்குமா என்று கேட்டு, திறக்குமென்றால் அமைய லீவில் ஒன்றை அதற்கென்று பிடித்து வையுங்கள்.

எப்படிக் கேட்பது? மேனேஜரிடம் சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல், காசு கணக்கு முடிந்த பிறகு, தனியாக. "சேர், வங்கிக் கணக்குக்கும் கிராம சேவகருக்கும் நியமனக் கடிதம் தேவைப்படுகிறது. தலைமை அலுவலகத்தில் யாரிடம் கேட்க வேண்டும்?" என்று கேளுங்கள். கிளை மேனேஜர் கடிதம் அடிப்பவர் இல்லை. பல இடங்களில் அவர் விவரத்தை அனுப்பாமல் மேசையில் வைத்திருப்பார், அல்லது அனுப்பி அங்கே தூங்கும். யாரிடம் என்று கேட்டால் அவருக்கும் மானக்கேடு இல்லை. சொந்தச் சொல்லில் சிங்களத்தில் வராவிட்டால் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், அதில் ஒரு பிரதியை நீங்கள் வையுங்கள். ஒரு மாதம் கடந்தும் அசையாவிட்டால் ஹட்டன் தொழில் அலுவலகம் இருக்கிறது. அது கடைசிப் படி. இப்போது வேண்டாம்.

சான்றிதழ் மூலப்பிரதிகளைக் கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. என்னென்ன கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். பிணைப்பத்திரத்தில் தொகை எவ்வளவு என்று பார்த்தீர்களா? ஆசிரியருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அவர் நின்றது உங்களுக்காக.

பின் லயத்து ஆளுக்குத் தொலைபேசி எடுப்பதை நீங்கள் செய்யக் கூடாது. "எனக்குத் தெரிந்தவர், நான் பேசுவது நிறுவனத்துக்கும் நல்லதில்லை" என்று சொல்லி வேறு பட்டியல் கேளுங்கள். இதை நான் மனதாரச் சொல்கிறேன்: கவுண்டரில் பார்த்ததை லயத்தில் யாரிடமும், அம்மாவிடம்கூட, பெயரோடு சொல்லாதீர்கள். அந்தத் தோட்டை அடகுக்குக் கொண்டுவந்தவரின் மானம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

---

பழைய_கிளாக்கர் | ஜூன் 24, பிற்பகல் 2.30

மகள், அக்கா சொன்னதில் குறை ஒன்றும் இல்லை. நீங்கள் கடைசியில் "சின்ன விசயம்" என்று எழுதினீர்களே, அதற்கு மட்டும் நான் பதில் சொல்ல வேண்டும். பரவாயில்லை என்று இல்லை. பெரிய விசயமே அதுதான்.

நான் 34 வருடம் தோட்டக் கந்தோரில் இருந்தவன், பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றேன். செக்ரோலில் ஆயிரக்கணக்கான பெயர்களை என் கையால் எழுதியிருக்கிறேன். காதில் விழுந்தபடி எழுதினோம். கணக்கப்பிள்ளை ஒரு மாதிரி சொல்வார், ஆள் ஒரு மாதிரி சொல்வார். லெட்சுமி, லக்சுமி, இலட்சுமி எல்லாம் எங்களுக்கு ஒன்றுதான். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் பக்கத்தில் கறுப்பாயி மகள், மேமலை என்று அடையாளம் போடுவோம். சம்பள நாளில் ஆள் வந்து நின்றால் எனக்கு முகம் தெரியும், காசு கொடுத்துவிடுவேன். அந்தப் பெயர் ஒருநாள் கொழும்பில் முகம் தெரியாத ஒருவரின் மேசைக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

அதன் பலனைக் கடைசிப் பத்து வருடம் பார்த்தேன். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம். கே படிவம் நிரப்பிக் கொடுப்போம். ஒன்றிரண்டு மாதத்தில் கோப்பு திரும்பி வரும்: பெயர் பொருந்தவில்லை. பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒன்று, எங்கள் புத்தகத்தில் ஒன்று. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது புதிய புத்தகம் திறந்தோம், அதில் இன்னொன்று. முப்பது வருடம் கூடை சுமந்த ஒரு அம்மா என் மேசைக்கு முன்னால் நின்று, "அது நான்தாங்கையா, என்னை உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். நான் தெரிந்துகொண்டு என்ன பயன்? சத்தியக்கடதாசிக்கும் பஸ்ஸுக்கும் பதிவாளரிடம் போய் வரவும் அவர் எத்தனை நாள் பேரை இழந்தார் என்று எனக்குத் தெரியும். அவர் பெயரைப் பிழையாக எழுதியது என் கை.

ழகரம் சிங்கள எழுத்தில் கிடையாது. லகரமோ ளகரமோ போடுவார்கள். ஆங்கிலத்தில் ஒருவர் "எல்" போடுவார், படித்தவர் "இசட் எச்" போடுவார். அப்பாவின் பெயர் முன்னால் வரும் நம் வழக்கத்தைப் படிவத்தில் இருக்கும் "குடும்பப் பெயர்" என்ற கட்டம் இன்னும் குழப்பிவிடும். ஆகவே ஒன்று செய்யுங்கள். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லா இடத்திலும் போடச் சொல்லுங்கள். ஈபிஎஃப் பதிவுக்கான அட்டையில் கையெழுத்து வாங்க வருவார்கள். அவசரத்தில் வாங்குவார்கள், வேலை நேரத்தில், பேனையைக் கையில் கொடுத்து. அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் பாருங்கள். உயர்தரச் சான்றிதழில் வேறு மாதிரி இருப்பதால், இரண்டும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள்.

---

நோர்வூட்_பிள்ளை | ஜூன் 24, இரவு 10.20

ஐயா, படித்துவிட்டு அம்மாவின் சம்பளச் சிட்டைகளை எடுத்துப் பார்த்தேன். ஒரு பொலித்தீன் உறையில் கட்டி வைத்திருக்கிறார். சிட்டையில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றில்லை. அம்மாவுக்கு 48 வயது. இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

---

பழைய_கிளாக்கர் | ஜூன் 25, காலை 7.00

தாராளமாக முடியும் மகள். இரண்டு வருடம் இருக்கிறது, நல்ல காலம். ஈபிஎஃப் கணக்கு விவரத்தாள் வீட்டில் இருந்தால் அதில் என்ன பெயர் என்று முதலில் பாருங்கள், அதுதான் முக்கியம். பிறகு பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, சத்தியக்கடதாசி மூன்றையும் கொண்டு தோட்டக் கந்தோருக்குப் போய், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று ஒரு கடிதம் கேளுங்கள். அதோடு தொழில் அலுவலகத்துக்குப் போகலாம். கந்தோருக்கு அம்மாவைத் தனியே அனுப்பாதீர்கள். நீங்களும் கூடப் போங்கள்.

---

நானுஓயா_தம்பி | ஜூன் 25, இரவு 11.45

நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை. எங்கள் தொழிலில் சட்டதிட்டம் வேறு, அதனால் மணிக்கணக்கைப் பற்றிப் பேச மாட்டேன். நான் கோட்டைவிட்ட ஒன்றைச் சொல்கிறேன்.

சேர்ந்த மாதத்தில் ஒரு மருத்துவக் காப்புறுதிப் படிவம் தந்தார்கள். ஆங்கிலத்தில் நாலு பக்கம். ஏப்ரல் சீசன், அறை எல்லாம் நிறைந்திருந்தது, நான் நிரப்பாமல் பெட்டியில் போட்டுவிட்டேன். கலியாணம் ஆகாதவர் அம்மா அப்பாவைச் சேர்க்கலாம் என்று அதில் இருந்திருக்கிறது. ஒரு மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். ஆகஸ்டில் அப்பாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. அப்போதுதான் கூட வேலை செய்யும் அண்ணன் கேட்டார், "ஏன்டா, நீ அப்பா பேரைப் போடலையா?"

அக்கா, உங்கள் இடத்தில் காப்புறுதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் படிவத்தை அன்றைக்கே கேளுங்கள். புரியாத ஆங்கிலம் இருந்தால் இங்கே தட்டச்சு செய்து போடுங்கள், யாராவது தமிழில் சொல்வோம்.

---

நோர்வூட்_பிள்ளை | ஜூலை 9, இரவு 9.10

எல்லோருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தார். அப்புறம், "கேளு. கேக்காம இருந்து நாங்க என்னத்தக் கண்டோம்" என்றார். கணக்கப்பிள்ளையிடம் சொல் என்று இவ்வளவு காலம் சொன்னவர்.

வியாழக்கிழமை காசு கணக்கு முடிந்ததும் மேனேஜரிடம் போனேன். அக்கா எழுதித் தந்த மாதிரியே தொடங்கினேன். பாதியில் சிங்களம் வரவில்லை, தமிழில் முடித்தேன். அவர் கோபப்படவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். என் விவரப் படிவம் அதற்குள்தான் இருந்தது, தலைமை அலுவலகத்துக்குப் போகவே இல்லை. முகம் மாறிவிட்டது. அங்கேயே தொலைபேசி எடுத்துப் பேசினார். ஈபிஎஃப் பற்றிக் கேட்டபோது மட்டும், "எல்லோருக்கும் ஆறு மாதம் கழித்துத்தானே" என்றார். நான் சட்டத்தின் இலக்கத்தை எழுதிய தாளை வைத்துவிட்டு வந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

எட்டாவது நாள் கடிதம் வந்தது. சேர்ந்த திகதி ஜூன் 2. ஈபிஎஃப் ஜூனிலிருந்தே. என்னோடு வேலை பார்க்கும், ஏப்ரலிலேயே சேர்ந்திருந்த ஒரு தம்பிக்கும் சேர்த்து வந்திருக்கிறது, அவர் கேட்கவே இல்லை. ஆனால் கடிதத்தில் என் பெயர் பிழை. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூட. ஐயா சொன்னது ஞாபகம் வந்தது. அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து, கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்தேன். பக்கத்து அக்கா, "ஒரு எழுத்துக்காகவா?" என்றார். ஆமாம் அக்கா என்றேன். திருத்திய கடிதம் நேற்று வந்தது.

சான்றிதழ்களுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டேன். பிணைப்பத்திரப் பிரதியை ஆசிரியர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். காப்புறுதி நிரந்தரமானவர்களுக்கு மட்டுமாம், திகதியைக் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன் தம்பி. மேலதிக நேரக் காசுக்கு இன்னும் பதில் இல்லை. வாரத்தில் மூன்று நாள் 5.15க்கு என்னை விடுகிறார்கள், மற்ற நாட்களை எழுதிக்கொண்டு வருகிறேன். நோர்வூட் பக்கப் பட்டியலை வேறு ஒருவரிடம் மாற்றிவிட்டார்கள். இன்று காலை பின் லயத்துக்காரர் பீலியடியில் நின்றுகொண்டிருந்தார். "வேலைக்கா புள்ள?" என்றார். அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடிந்தது.

இந்தச் சனிக்கிழமை அரைநாள் முடிந்ததும் அம்மாவும் நானும் சமாதான நீதவானிடம் போகிறோம். அம்மா பொலித்தீன் உறையை இப்போதே எடுத்து, தன் அடையாள அட்டையையும் அதற்குள் வைத்து, என் வேலைப் பைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார்.